ஒரு சாவி குறைகிறது

மழையோடு மழையாக உள்ளே வந்தவள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த நீலப் பெட்டியை மேஜையில் வைத்தாள். நெற்றியில் ஒட்டிய கூந்தல்... இமை நுனியில், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒற்றை மழைத்துளி...

நாற்காலியில் இருந்தவன் அதையெல்லாம் பார்க்கவில்லை. பெட்டியை மட்டும்தான் பார்த்தான். காலையிலிருந்து பட்டினி. எதிர்க் கட்டடத்துக் கேன்டீனில் சாப்பாடு சொல்லிவிட்டு, வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தான்.

"ஏங்க இவ்வளவு லேட்டு... சூடாவாவது இருக்கா?"

"மைனஸ் எழுபத்தெட்டு டிகிரி."

மூடியைத் திறக்கப்போன கை அந்தரத்தில் நின்றது.

"உள்ள என்ன?"

"எச்.ஐ.வி."

அவனை உடன் வேலை செய்பவர்கள் 'மின்னல்' என்று கூப்பிடுவார்கள். எதையும் நிதானமாக, மிக மிக நிதானமாகச் செய்வதால் வைத்த கிண்டல் பெயர். அந்தப் பெயருக்கு முதல்முறையாக நியாயம் செய்தான். சக்கர நாற்காலியோடு பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றான்.

அவள் சிரித்தாள். முதலில் கண்கள் சிரித்தன. உதடுகள் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டன. மழைத்துளி இப்போது கன்னத்தில் இறங்கியது.

'கடவுளே... அழகா வேற இருக்காளே.'

அந்தக் கட்டடத்தில் இருந்தது ஒரு எலெக்ட்ரான் கற்றை முடுக்கி. எலெக்ட்ரான்களை அசுர வேகத்துக்கு விரட்டி, நகரும் பெல்ட்டின் மேல் மழை மாதிரி பொழியும் இயந்திரம். பெல்ட்டில் ஊசி வந்தாலும் பஞ்சு வந்தாலும் அதிலிருக்கும் கிருமி காலி. அதை இயக்குவதுதான் மின்னலின் வேலை. அவளோ வைரஸ் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர். உறைந்த வைரஸை இந்த மழையில் நனைத்தால் அதன் உள்ளிருக்கும் மரபணு நொறுங்க வேண்டும். மேலுறை மட்டும் உடையாமல் மிஞ்ச வேண்டும். அந்த வெற்றுறையைக் காட்டி உடம்புக்கு எதிரியை அடையாளம் காணப் பழக்கலாம், ஒரு தடுப்பூசிக்கு முதல் படி வைக்கலாம் என்பது அவளுடைய கனவு. அவள் வருவதைத் தெரிந்து வைத்திருந்த ஆள் காய்ச்சலில் லீவு போட்டுவிட, மாற்று ஆளாக மாட்டிக்கொண்டவன்தான் இவன்.

மின்னல் எழுந்து க்ளவுஸ் போட்டான். அதன்மேல் இன்னொரு ஜோடி போட்டான். பிறகு இடுக்கியைத் தேடினான்.

"மூணு டப்பாவுக்குள்ள சீல் பண்ணி, ட்ரை ஐஸ்ல கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு. எழுந்து வந்து உங்களைக் கடிக்காது சார்."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவனுடைய முறையும் வந்தது. கனத்த கான்கிரீட் கதவு நகர்ந்து முடுக்கி அறை திறந்தபோது, அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இவ்வளவு நேரம் ஓடிய இயந்திரமாயிற்றே, உள்ளே கதிர்வீச்சு மிச்சம் இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பல்பை அணைச்சப்புறம் ரூம்ல வெளிச்சம் மிச்சம் இருக்குமா மேடம்?"

"இல்ல... சுவத்துல, அங்கங்க கொஞ்சம்..."

"துணி போட்டுத் துடைச்சுட்டேன். வாங்க."

அவள் முகம் சிவந்தது. அவரவர் அறையில் அவரவர் புலி. அடுத்தவர் அறையில் இரண்டு பேரும் எலி.

அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. உள்ளே போகிறவர் வாசல் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஒரே ஒரு சாவி குறைந்தாலும், உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்து இயந்திரம் அடம்பிடிக்கும். விசையைத் தட்டினாலும் உதைத்தாலும் ஓடாது. இதைப் பாடமாகச் சொன்னான் மின்னல். கேட்டதாகத் தலையாட்டினாள் அவள். உள்ளே போய்ப் பெல்ட்டில் வைரஸ் டப்பா இருந்த தட்டை வைத்தாள். வெளியே வந்தாள். "இங்க உக்கார இடமில்ல, கேன்டீன்ல இருங்க" என்று அவன் சொன்ன தோரணை பிடிக்காமல் விறுவிறுவென்று போயும்விட்டாள்.

சாவி, அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பையில்.

அவள் டீயை வாயருகே கொண்டுபோனபோது, கேன்டீன் சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. உள்ளே யாராவது இருந்தால் உடனே வெளியே வரவும் என்றது. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே... சற்றுப் பொறுத்து மறுபடி. இப்போது குரலில் பதற்றம். மூன்றாவது முறை கெஞ்சலே வந்துவிட்டது. தயவுசெய்து வாங்க, ஒளிஞ்சு விளையாடுற இடமில்லங்க இது...

யாருடா அது பைத்தியம், உள்ளே போய் மாட்டிக்கொண்டது என்று நினைத்தபடி கோட்டுப் பையில் கைவிட்டாள். விரலில் ஏதோ குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது.

பாதி டீயோடு எழுந்து ஓடினாள். எதிரே, பெல்ட்டுக்கு அடியில் தவழ்ந்து தேடிய முழங்கால் அழுக்கோடு அவன் ஓடி வந்துகொண்டிருந்தான். நடு மழையில் இருவரும் மூச்சிரைக்க நின்றார்கள். அவள் சாவியை நீட்டினாள். அவன் திட்டத்தான் வாயைத் திறந்தான்... அந்தக் கண்களைப் பார்த்தான்... என்ன திட்டுவது என்பது மறந்துபோயிற்று.

"நனையறீங்களே..." என்றான்.

அதற்கப்புறம் அவள் பெட்டியோடு வரும் நாட்களிலெல்லாம், லீவு போட்டவருக்குக் காய்ச்சல் தேவைப்படவில்லை. மின்னலே வலியப்போய் டியூட்டி மாற்றிக்கொண்டான். எலெக்ட்ரான் மழையைக் குறைத்தால் வைரஸ் பிழைத்துக்கொண்டது, கூட்டினால் மேலுறை கிழிந்தது. வைரஸ்தான் வழிக்கு வரவில்லை, இவர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு ஜோடி க்ளவுஸ் ஒரு ஜோடியானது. அவளும் சுவரைத் தொட்டுப் பார்த்துப் பழகிக்கொண்டாள்.

இடி, அவன் வீட்டில் விழுந்தது.

அவனை வளர்த்து ஆளாக்கியது அவன் அக்கா. தம்பிக்குப் பிடித்தவளைப் பார்க்க வேண்டும் என்று அக்காதான் ஆசைப்பட்டுக் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில் அவள் தன் வேலையைச் சொல்ல, அக்காவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. சமையலறைக்குப் போனவள் காபியோடு வந்தாள். எல்லோருக்கும் டம்ளர். அவளுக்கு மட்டும் பேப்பர் கப்.

அவள் கப்பைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

வாசல்வரை வழியனுப்ப வந்தவனிடம் அவள் குரலை உயர்த்தவில்லை.

"உங்க அக்காவுக்குத் தெரியாது. அதுல எனக்குக் கோபமில்ல. உங்களுக்குத் தெரியும்."

அன்றிலிருந்து அவன் மறுபடி 'சார்' ஆனான். பேச்செல்லாம் தட்டு, அளவு, பெல்ட் வேகம்... அதோடு சரி.

கடைசித் தட்டு வந்தது. குறைவுக்கும் அதிகத்துக்கும் நடுவே ஓர் அளவு. அதுவும் தோற்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அவளுக்கு இனி இங்கே வேலையில்லை. இன்று பேசாவிட்டால் எப்போதும் பேச முடியாது என்பது மின்னலுக்கு மண்டையில் ஏறியிருந்தது. ஆனால் நேருக்கு நேர் நின்றால் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கண்காணிப்புத் திரையில் அவளைப் பார்த்தான். பெல்ட்டின் அருகே, ட்ரை ஐஸ் புகை முழங்கைவரை சூழ, மேகத்தில் நிற்பவள் போல... அவன் கண் அறிவிப்பு மைக்கில் விழுந்தது. அவளால் திருப்பிப் பேச முடியாது. சாவி அவளிடம் இருக்கும்வரை இயந்திரமும் ஓடாது. இதைவிடப் பத்திரமான சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்?

பொத்தானை அழுத்தினான்.

"மேடம்... அன்னிக்கு நான் பேசாம இருந்தது தப்பு. அக்கா முகம் வாடிடுமேன்னு பார்த்தேன். உங்க முகம் வாடுறதைப் பார்த்தும் சும்மா இருந்தேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். காமிராவைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

"கோபப்படுங்க, நியாயம்தான். ஆனா இன்னிக்கு நிறுத்த மாட்டேன். அன்னியிலேர்ந்து வீட்ல நானும் பேப்பர் கப்லதான் குடிக்கிறேன். சாப்பாடும் பேப்பர் தட்டுலதான். அக்கா முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் திட்டினாங்க. நேத்து குப்பைக்கூடை நிரம்பி வழியவும் உக்காந்துட்டாங்க. டம்ளர்ல ஒட்டாதாடான்னு கேட்டாங்க. அந்த நோய் இருக்கிறவங்க குடிச்ச டம்ளர்லகூட ஒட்டாதுக்கா, இவங்க அதை ஆராய்ச்சிதானே பண்றாங்கன்னு சொன்னேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். என்ன பண்றது... நான் கொஞ்சம் லேட்டா வர்ற மின்னல்."

அவள் மேலே இருந்த ஒலிபெருக்கியைக் காட்டினாள். பிறகு கேன்டீன் இருந்த திசையைக் காட்டினாள். கடைசியில் வாயருகே கையைக் கொண்டுபோய்க் குடிப்பது போல் சைகை செய்தாள்.

"ஆமா, அதே கப்தான். மன்னிச்சிடுங்க."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப... அந்தச் சாவியை எடுத்துட்டுப் போனீங்களே, அன்னியிலேர்ந்தே."

திரையில் அவளுடைய கைகள் தாழ்ந்தன. தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பதறிப்போய்த் திரையை நெருங்கினான். இல்லை... புகை நடுவே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஐஸைச் சுட்டிக்காட்டிவிட்டு, கதவை நோக்கி ஓடி வந்தாள்.

வெளியே வந்ததும் சாவியை நீட்டினாள். அவன் கை நீட்டினான். வெறும் கை.

"க்ளவுஸ் எங்க?"

"மறந்துட்டேன்."

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். விரல்களை எடுக்க அவளும் மறந்துபோனாள்.

"எங்கப்பாவும் உங்களைப் பத்திக் கேட்டாரு. அந்த மெஷின் பக்கத்துல உக்கார்ற பையன் இருட்டுல மின்னுவானான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கல்யாணத்துக்கப்புறம் பார்த்துச் சொல்றேன்னு."

அவனுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. மின்னல் அல்லவா. புரிந்ததும் சாவியைப் பலகையில் மாட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஐஸ் கரைவதற்குள், தட்டு எலெக்ட்ரான் மழைக்குள் மெல்ல நகர்ந்தது. முடிவு தெரிய நாளாகும். அதற்குள் மேஜையில் இருந்த போன் அடித்தது.

கேன்டீன்காரர். கேன்டீனில் கூடியிருக்கும் கூட்டமே சாப்பிடாமல் காத்திருப்பதாகவும், ஒலிபெருக்கியில் ஒரு பக்கம்தான் கேட்டது, பெண் என்ன சொன்னாள் என்றும் விசாரித்தார்.

மின்னல் மைக்கைத் திரும்பிப் பார்த்தான். "அங்க... கேக்குமா?"

"அதைத்தானே உள்ள நின்னு கையாலயும் காலாலயும் கத்திட்டிருந்தேன்" என்றாள் அவள்.

கேன்டீன்காரர் விடவில்லை. இந்தச் சந்தோஷத்துக்கு டீ தன் செலவு என்றார். பேப்பர் கப் எல்லாவற்றையும் தூக்கிப் பரண்மேல் போட்டாகிவிட்டது, டம்ளர்தான். ஒன்றா, இரண்டா?

மின்னல் அவளைப் பார்க்க, அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு போதும்ணே... சூடா இருக்கட்டும்."