படத்தில் இல்லாத நத்தை

இன்றைக்கு மீன்தொட்டியில் ஒரு நத்தையும் சாகவில்லை. அதுவே ஏஞ்சலினுக்கு என்னவோ போல இருந்தது. ஒரு வாரமாகத் தினமும் காலையில் இரண்டு மூன்று ஓடுகள் காலியாகக் கிடக்கும். ஒரு கீறல் இருக்காது, உள்ளே இருந்ததை மட்டும் யாரோ நக்கித் துடைத்த மாதிரி இருக்கும்.

தேர்வாய் கண்டிகைக் கம்பெனியின் வரவேற்பறையில், ஏசி குளிரில், மோட்டாரின் ஓயாத முனகலுக்கும் பாசி வாடைக்கும் நடுவே, முகத்தில் நீல வெளிச்சம் விழ அவள் குனிந்து பார்த்தாள். ஹவுஸ்கீப்பிங்கோடு இதுவும் அவள் தலையில்தான். கடல் பாறையில் ஒட்டிக்கொண்டு வரும் நத்தைகளைப் படத்தாளோடு ஒப்பிட்டு, டிக் போட்டதை விட்டுவிட்டு, பெருக்கல் குறி போட்டதை இடுக்கியால் எடுத்து எறிய வேண்டும். நேற்று பிடித்தது படத்திலேயே இல்லை. கூம்பு வடிவம், பழுப்பு ஓட்டில் வெள்ளை வலை. “குப்பைல போடு” என்றார் அதிகாரி ஆதிநாராயணன். அவளுக்கு மனசு வரவில்லை. தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் போட்டு, ஆறு வயது மகள் பிரின்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தொட்டியைக் கழுவ மாதம் ஒருமுறை வரும் ஜெயராஜ், அவள் எடுத்து வைத்திருந்த காலி ஓடுகளைக் கையில் உருட்டிப் பார்த்தான்.

“இத்தயெல்லாம் தின்னது எங்கக்கா? கூம்பு மாதிரி, வலை போட்டுக்கினு இருக்குமே?”

“அத்த நேத்தே எடுத்துட்டேனே.”

“கையாலயா?”

“இடுக்கியால.”

“தப்பிச்சக்கா. அதுக்கு ஊசி கீது. குத்தினா வலிகூட தெரியாது. கை கால் மரத்துப் பூடும். முழிச்சிக்கினே கெடக்கணும், மூச்சு நிக்கற வரைக்கும். மருந்தே கெடையாது.”

இடுக்கி தரையில் விழுந்தது. அவள் ஓடினாள். செல்போன் கேட்டில், செக்யூரிட்டியிடம். அதிகாரி கையெழுத்து இல்லாமல் தரமாட்டான்.

“பிரேக்குக்குப் பத்து நிமிஷம் இருக்கு” என்றார் ஆதிநாராயணன்.

“சார், எம் பொண்ணு சார்.”

“எல்லாருக்கும்தான் பொண்ணு இருக்கு.” நிதானமாக டீயை முடித்தார். டம்ளரை வைத்தார். பிறகுதான் பேனாவைத் தேடினார்.

ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. வீடியோ கால்.

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த புருஷன் ஸ்டீவனின் முகம் திரையில் வந்தது.

“இன்னாமே?”

“பிரின்சி எங்க? அந்த நத்தை எங்க?”

“அவகிட்டதான். காலைலேர்ந்து அத்த வச்சிக்கினு ஒரே ஆட்டம். இப்ப ஸ்டேச்சு வெளையாடறா, கூப்ட்டாகூட அசைய மாட்டேங்கறா. இரு, காட்றேன்.” சிரித்துக்கொண்டே திருப்பினான்.

பாய். மல்லாந்து கிடந்த பிரின்சி. நீலம் பாய்ந்த உதடு. திறந்த கண்கள். இமைக்கவில்லை. கண்ணீர் மட்டும் காதுப் பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. கன்னத்தில் அந்த ஓடு. அதன் முனையிலிருந்து ஒரு சிவப்புக் குழல் மெல்ல நீண்டு, ஈரத்தைத் தடவித் தடவி, அவள் கண்ணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.