ஒன்பது பேர் இருந்த படம்

"காணாமல் போனது நகையா, நாய்க்குட்டியா?" என்று மைத்துனன் ஆவலாய்க் கேட்டான்.

"என் வீட்டுக்காரர் முகம்," என்றாள் வந்திருந்த தையற்காரம்மா.

துப்பறிகிறவருக்குக் 'கண்ணாடி' என்று பட்டப்பெயர். ஒரு காலத்தில் ஸ்டூடியோவில் படம் கழுவியவர். அவர் வாய் திறப்பதற்குள் நாலு கேள்வி கேட்டுவிடுகிற பிறவி அவர் மனைவியின் தம்பி.

"அச்சகத்துல வேலை. தொப்பியும் கேமராவுமாத்தான் திரிவார். ஊரையெல்லாம் படம் பிடிச்சார், அவரைப் பிடிக்க ஆளில்லை. மகளுக்கு எட்டு மாசம் ஆனப்போ தவறிட்டார். கல்யாணப் படத்தை வெள்ளம் கொண்டுபோச்சு. அப்பா எப்படி இருப்பார்னு கேட்டுக்கேட்டே வளர்ந்தவ அவ."

போன மாதம் தையற்காரம்மா, யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம் என்கிற இணையக் காப்பகத்தில் அவரைப் பார்த்துவிட்டாளாம். அச்சகத்து ஆட்களோடு சிரித்துக்கொண்டிருந்தாராம்.

"மகளோட கல்யாணத்தன்னிக்குக் காட்டலாம்னு வாயைக் கட்டி வச்சிருந்தேன். அவளே புதன்கிழமையானா அந்தக் காப்பகத்து ஆபீசுக்குப் போய்ப் படம் பிரிச்சுக் குடுக்கறா. அவகிட்டகூட மூச்சு விடலை. படத்தைத் தனியா எடுத்து வச்சுக்க எனக்குத் தெரியலை. இப்போ அந்தப் படம் இல்லை. அதே மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல இவர் இல்லை."

"ஆளை மட்டும் வெட்டி எடுத்துட்டானா!" என்றான் மைத்துனன்.

கண்ணாடி கணினித் திரையில் குனிந்தார். இயந்திரத்தின் முன்னால் ஒன்பது பேர். அவர்கள் காலடி வரை தரையில் நீண்டிருந்தது ஒரு நிழல், தலையில் தொப்பியோடு. வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

அன்று புதன்கிழமை. மூவரும் போனபோது காப்பகத்தில் நாலைந்து பேர் வேலையாக இருந்தார்கள். காப்பாளரும் பழைய அச்சக ஆள்தான்.

"அத்தான், இவருக்கும் இந்தம்மா வீட்டுக்காரருக்கும் ஆகாதாம். வேற ஆளே தேட வேணாம்," என்று மைத்துனன் காதைக் கடித்தான்.

"பொறு மாப்பிள்ளை. அடுப்பு மூட்டுறதுக்குள்ள இலை போடாதே."

நீக்கல் பதிவேட்டில், வேலை பார்த்தவர் பெயருக்குப் பதில் எண்ணோடு, இப்படி இருந்தது: 'ஒரே படம் இரண்டு முறை. அதே சுவர், அதே ஒன்பது பேர். நீக்கலாம். எண் நான்கு.' எட்டு நொடி கழித்து, 'சரி. எண் ஒன்று.' புதன்கிழமை.

கண்ணாடி தாழ்ந்த குரலில் பேசினார். "படம் ரெண்டு. முதல்ல எடுத்தவர் இவங்க வீட்டுக்காரர். நிழல்ல தொப்பி இருக்கு. அப்புறம் அந்த ஒன்பதுல ஒருத்தர் கேமராவை வாங்கிட்டு அவரை நிக்க வச்சிருக்கார். ஒருத்தர் போய் ஒருத்தர் வந்ததால ரெண்டுலயும் ஒன்பதுதான். பகையில அழிச்சவன் தலையை எண்ணியிருக்க மாட்டான். இது எண்ணிப் பார்த்த கை. முகம் தெரியாத கை."

"அப்போ எண் ஒன்று?"

காப்பாளர் தலை குனிந்தார். "நான்தான். அவரைப் பார்த்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேர் பார்க்கணும்னுதான் விதி. ஆனா நாலாம் எண் நல்லா வேலை பார்க்கற பொண்ணுன்னு, படத்தைத் திறக்காமலே சரின்னு போடுவேன். நான் குறிச்சதுக்கு அவ அப்படிப் போடுவா. எங்களுக்குள்ள ஒரு வழக்கம்."

"அப்போ நாலாம் எண்..." என்ற மைத்துனனின் தோளைக் கண்ணாடி அழுத்தினார்.

"மீட்க முடியுமா?" என்றாள் தையற்காரம்மா.

"நீக்கினது பதினைஞ்சு நாள்தான் தங்கும். இன்னியோட மூணு வாரம் ஆச்சு. ஏத்தினவரும் காலமாயிட்டார். வீட்டை ஒழிச்சப்போ பழைய படத்தையெல்லாம் எரிச்சுட்டாங்களாம்."

ஜன்னலோர மேசையில் நாற்காலி நகர்ந்தது.

"எண் நாலு நான்தாம்மா," என்றாள் மகள்.

தாய்க்காரி ஓடிப்போய் அவளைச் சேர்த்தணைத்தாள். "உன் தப்பில்லடி கண்ணு. சொல்லாம வச்சிருந்த பாவி நான்."

மகள் அழவில்லை. கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள், எதையோ உள்ளே தேடுகிறவளைப் போல.

"பார்த்திருக்கேன்மா. ஒவ்வொரு தலையா விரலை வச்சு எண்ணினேன். அப்பா முகத்துமேலயும் வச்சிருக்கேன்," என்றாள். "எந்த முகம்னு ஞாபகம் வரமாட்டேங்குது."