சுபேதார் இடிமுரசின் கடைசிக் குண்டு

தினமும் காலையில் சுபேதார் இடிமுரசைத் துடைப்பது வஞ்சிக்கொடியின் வேலை. குழாயை ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, சக்கரங்களில் காக்கை எச்சம் இருந்தால் சுரண்டிவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடிக்க வேண்டும். கோரைமுனைக் கடற்கரைப் பூங்காவில் பீடமேறி நிற்கும் அந்தப் பீரங்கி, "மகிழ்ச்சி. நாளையும் வாருங்கள்" என்று கரகரக்கும். பந்தியை நோட்டம் விடும் பெரிய சம்பந்தியின் தோரணை அந்தக் குரலில் இருக்கும்.

அவள் சல்யூட் அடிப்பாள். மனதுக்குள் காறித் துப்புவாள்.

அது தன்முடிவுப் பீரங்கி. இலக்கைத் தேடுவதும், சுடலாமா என்று தீர்மானிப்பதும் அதன் மின்மூளைதான். முடிவுரிமைச் சட்டம் வந்தபோது, சுடும் முடிவை எடுப்பவரே போர்வீரர் என்று வரையறுத்துவிட்டார்கள். ஆகவே பீரங்கிக்குப் பதவி, பதக்கம், ஓய்வுக்குப் பின் பீடம். குண்டு ஏற்றிய வஞ்சிக்கொடியும், கண்காணிப்புத் திரையின் முன் உட்கார்ந்திருந்த ரெமிஜியுஸும் வெறும் 'மனிதத் துணைப்பாகங்கள்'. எதிரியின் பதிலடியில் ரெமிஜியுஸ் செத்தபோது, ஒரு பாகம் சேதமானதாகத்தான் அரசு சொன்னது. அவனுடைய தகப்பனார் சூசைமிக்கேல் உப்பளத்திலிருந்து பேரூராட்சிக்கு நடையாய் நடந்தார். மகன் பெயரைப் பீடத்தில் பொறிக்க வேண்டுமாம். பேரூராட்சித் தலைவர் குணசீலன் சிரித்த முகத்தோடு ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்.

ஒருநாள் குணசீலனே பூங்காவுக்கு வந்தார்.

"வஞ்சி, நல்ல சேதி. ரெமிஜியுஸ் பேரைப் பொறிக்கப் போறோம்."

துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்ன சார் திடீர்னு?"

இடிமுரசின் கடைசிக் குண்டு விழுந்தது ஆயுதக் கிடங்கில் அல்ல, பள்ளிக்கூடத்தில் என்று விசாரணை ஆணையம் கண்டுபிடித்துவிட்டதாம். குணசீலன் குரலைத் தாழ்த்தினார். "யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்ல? அந்த ஒரு முடிவை மட்டும் மனுசன் எடுத்ததுன்னு போட்டுட்டா பிரச்சினை தீந்துது. செத்தவனுக்கு அதுல என்ன நஷ்டம்?"

"சுடாத, உள்ள பிள்ளைங்க தெரியுதுன்னு அவன் கத்தினான் சார். நான் பக்கத்துல நின்னேன். உங்க சுபேதார் காதுலயே வாங்கல."

"அதுக்காக ஒரு மெஷினக் கூண்டுல ஏத்த முடியுமா? ஊரே சிரிக்கும்மா."

"அதுக்குப் பதக்கமும் மாலையும் போட்டப்ப யாரும் சிரிக்கலையே."

குணசீலனின் முகம் சுருங்கியது. "துணைப்பாகம் சாட்சி சொல்ல சட்டத்துல இடமில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அந்த வெள்ளைச் சட்டையின் முதுகைப் பார்த்தபோது, பீரங்கியே பரவாயில்லை என்று வஞ்சிக்கொடிக்குத் தோன்றியது. அதற்குக் குழைந்து பேசத் தெரியாது.

பீடத்தில் பெயர்ப் பலகையைப் பதித்த மறுநாள் சூசைமிக்கேல் வந்தார். வெளுத்த வேட்டி, கையில் செவ்வந்தி மாலை. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பலகையில் மாலையைச் சாத்திவிட்டு, மகனின் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். உப்பு வெயிலில் அவர் கண் எப்போதோ மங்கிவிட்டது.

"கீழ என்னமோ நெறைய எழுதியிருக்கே. வாசிம்மா. அவன் வீரத்தப் பத்தித்தானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். கிழவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். ஆனால் குணசீலனும் அதைத்தான் சொல்லியிருப்பார். வாசித்தாள். 'இவரது ஆணையின்பேரில் வீசப்பட்ட குண்டு பள்ளியைத் தாக்கியது.' பிறகு, அன்று உண்மையில் நடந்ததையும் சொன்னாள்.

"வேணாம்னு சொன்னானா?"

"தொண்டை கிழியக் கத்தினான்யா."

அவர் பலகையிலிருந்து மாலையைக் கழற்றினார்.

"அங்க பிள்ளைகளப் பறிகொடுத்தவங்க இருப்பாங்கள்ல? அவங்க இனிமே என் மகனத்தானம்மா சபிப்பாங்க?"

வஞ்சிக்கொடி துணியை வாளிக்குள் எறிந்தாள். "ஆணையத்துல போய்ச் சொல்லுவோம், வாங்கய்யா. எடுத்துக்க மாட்டாங்க. இருந்தாலும் சொல்லுவோம்."

பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்த சூசைமிக்கேல், அந்த மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.