எல்லாருக்கும் முழு அனுமதி

ஸ்கேன் ஃபோல்டரில் ஒரு குதிகால் இருந்தது.

பாலசுப்ரமணியன் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி மறுபடி பார்த்தார். குதிகால்தான், சந்தேகமில்லை. கண்ணாடிமேல் அழுத்தி வைத்ததில் நடுவில் வெளுத்து, ஓரங்களில் வெடிப்புகள் கிளைகிளையாகப் பிரிந்து, அதற்கப்பால் கரேலென்று இருட்டு. அவர் மனைவி கல்பகம் ஸ்கேன் செய்வதெல்லாம் ரவிக்கைக் கழுத்துக்கான டிசைன்கள்: மயில், மாங்காய், தாமரை. குதிகாலைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டுமென்று எந்த மணப்பெண்ணும் இதுவரை கேட்டதாக அவருக்கு ஞாபகமில்லை.

"ஏண்டி, பிரிண்டர் மேல ஏறி நின்னியா?"

"ஆமா. பரண்ல உங்க மூளை இருக்கே, அதை எடுக்க ஏறினேன்." கல்பகம் தலை நிமிரவில்லை. ஹாலின் நடுவில் மரச்சட்டத்தில் அரக்குப் பட்டுத் துணியை இழுத்துக் கட்டி, குனிந்து ஜரிகை கோத்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸில் ஆரி வேலை என்பார்கள். ஹைதராபாதில் அதுவே மக்கம் ஒர்க். நாளைக் காலையில் மணப்பெண் வீட்டார் வந்து ரவிக்கையை வாங்கிப் போகவேண்டும். முதுகுப்பக்கத்து மயிலை பிரிண்ட் எடுத்துத் துணியில் பதித்தால்தான் மிச்ச வேலை ஓடும். மயிலோ லேப்டாப்பை விட்டு வருவேனா என்றது. "முப்பது வருஷம் ஏவுகணைக்கு சர்க்யூட் பாத்தேளாம். ஒரு பிரிண்டரைப் பாக்கத் தெரியலை."

பாலசுப்ரமணியன் குதிகாலை டிலீட் செய்தார். குப்பைதானே.

பிரிண்டர் பின்னறையில் பழைய கம்ப்யூட்டரோடு வயரில் கட்டிக் கிடந்தது. ஹாலில் இருக்கும் லேப்டாப் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அதனிடம் பேசவேண்டும். ஸ்கேன் செய்ததெல்லாம் அதே கம்ப்யூட்டரில் ஒரு பொது ஃபோல்டரில் விழும். அதை இங்கிருந்தே திறக்கலாம், அழிக்கலாம். இந்த ஏற்பாடு முழுவதும் அவர் கைவேலை. பாலாநகர் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலமெல்லாம் வாசலில் பாஸ், மாடியில் பாஸ், அலமாரிக்கு இரண்டு சாவி, போகும்போது டிபன் பாக்ஸைத் திறந்து காட்டு என்று வாழ்ந்த மனுஷர். ரிடையராகி வந்த அன்றே சொல்லிவிட்டார், என் வீட்டில் எதற்கும் பூட்டு கிடையாது. வைஃபைக்கு பாஸ்வேர்டு கிடையாது. ஃபோல்டருக்கு அனுமதி யாருக்கு என்று கம்ப்யூட்டர் கேட்டபோது 'எவ்ரிஒன்' என்று போட்டு, எதிரே 'ஃபுல் கன்ட்ரோல்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, குடியிருக்கும் சனத்நகரே திரும்பிப் பார்க்கும்படி ஒரு தும்மல் தும்மினார். சுதந்திரம் என்றால் அதுதான்.

நல்ல வெயில். பால்கனிக் கதவு திறந்திருந்தது. ஜீடிமெட்லா பக்கமிருந்து காற்று திரும்பியிருந்ததால் மருந்துக் கம்பெனிகளின் தித்திப்பு வாடை வீட்டுக்குள் வந்து, மதியத் தாளிப்பின் பெருங்காயத்தோடு கலந்து, எதன் வாசனை எது என்று தெரியாமல் நின்றது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஓய்ந்தார்கள். அந்தச் சத்தம் அடங்கிய இடத்தில், பின்னறையிலிருந்து இன்னொன்று கேட்டது. ஸ்கேனரின் விளக்கு கண்ணாடிக்கு அடியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகரும்போது வரும் இழுவை. தூக்கத்தில் யாரோ முனகுவதுபோல நீளமாய்ப் போய், ஒரு சொடுக்கில் நின்றது.

ஹாலில் இருவர். பின்னறையில் யாருமில்லை.

ஃபோல்டரில் புதிதாக ஒன்று விழுந்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், ரேகை ரேகையாக. கட்டைவிரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த இடம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. கண்ணாடியில் தூசி இருந்தால் மிஷின் தானாக ஓடும் என்று எங்கோ படித்த மாதிரி இருந்தது. படிக்காவிட்டாலும் அதை நம்பிக்கொள்வது சௌகரியமாக இருந்தது. அதையும் டிலீட் செய்தார்.

"மயில் என்னாச்சு?"

"வரும், வரும். லைன்ல நிக்கறது."

"அஞ்சு தரம் அனுப்பிட்டேன். அஞ்சு மயில் வந்து நிக்கப்போறது." கல்பகம் எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தாள். வெள்ளைத் தரையில் அவள் போன வழியெல்லாம் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டே போனது.

"கல்பகம், நில்லு. கால்ல என்ன?"

இடது குதிகாலில் ஆரி ஊசி பாதிக்குமேல் ஏறியிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து அவர் உருவினார். உள்ளே எலும்பில் உரசியது அவர் விரலுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. கறிகாய் நறுக்குவதைப் பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலையா?"

"காலைலேர்ந்தே மரத்துத்தான் இருக்கு. செருப்பு கழண்டதுகூடத் தெரியலை." ஊசியை வாங்கக் கை நீட்டினாள். ஊசி விரல்களுக்கு நடுவே வழுக்கி விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். "இதுவுமா?"

பாலசுப்ரமணியன் அந்த விரல்களையே பார்த்தார். பயமா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. காதில் தண்ணீர் புகுந்தபின் உலகம் தள்ளிப்போகுமே, அந்த மாதிரி. லேப்டாப்புக்கு வந்து குப்பைத்தொட்டியைத் திறந்தார். காலி. குதிகாலும் இல்லை, விரலும் இல்லை.

மகன் அனிருத்துக்குப் போன் செய்தார். அவன் கொண்டாப்பூரில் குடியிருந்தான். குரலுக்குப் பின்னால் ஏதோ மாலின் பாட்டும் குழந்தைகளின் கூச்சலும்.

"டேய், டிலீட் பண்ணினது குப்பைத்தொட்டில இல்லையே?"

"எங்கேர்ந்து பண்ணினே?"

"ஹாலேர்ந்து. பின்னறை ஃபோல்டர்ல."

"அரே, நெட்வொர்க் ஃபோல்டர்ப்பா. அங்க டிலீட் பண்ணினா பின்னுக்கு வராது. போனா போச்சு. ஏன், அம்மா டிசைனா?"

"ஆமா," என்றார். வேறென்ன சொல்வது. "வைஃபைல நம்ம கம்ப்யூட்டர் ரெண்டையும் தவிர மூணாவதா ஒண்ணு காட்டறது. பேர் இல்லாம."

"மேல் ஃப்ளோர் ஆளு எவனாவது இருப்பான். பாஸ்வேர்டு போடுன்னு எத்தனை தரம் சொன்னேன்? கேட்டியா? முதல்ல அந்த எவ்ரிஒன்னைத் தூக்கு. ஃபுல் கன்ட்ரோல் குடுத்தா உள்ள வரவன் ஓனராவே மாறிடலாம். அப்புறம் உன்னையே வெளில தள்ளிடுவான். சரி, லிஃப்ட் வந்துடுத்து, பை."

பின்னறையில் அந்த இழுவை ஆரம்பித்தது.

இந்தத் தடவை அவர் காதைத் தீட்டிக்கொண்டு முழுதும் கேட்டார். மெதுவாக. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு. சொடுக்கு. ஃபோல்டரில் ஒரு கை, மணிக்கட்டு வரை, விரல்கள் விரிந்து. பவள மோதிரம். மோதிரத்துக்கு மேலே குக்கர் ஆவி சுட்ட பழைய தழும்பு.

சமையலறையில் டம்ளர் விழுந்து உருண்டது.

"ஏன்னா." குரலில் அழுகை இல்லை, கேஸ் தீர்ந்துபோனதைச் சொல்லும் குரல். "வலது கை வரலை."

அவர் டிலீட் பொத்தான் இருக்கும் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. இதையாவது பிழைக்கவைக்கலாம். காப்பி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்ளலாம். காப்பி என்று அழுத்தினார். இந்த ஃபைலை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார், முடியாது என்றது கம்ப்யூட்டர்.

கல்பகம் சோஃபாவில் வந்து உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், கடையிலிருந்து வாங்கி வந்த பொருளைப்போல.

"டாக்டர்கிட்ட போலாம். ஆட்டோ கூப்பிடறேன்," என்றார்.

"ரவிக்கை?"

"ரவிக்கை கிடக்கட்டும்."

"நாளைக்கு அந்தப் பொண்ணு எதைப் போட்டுண்டு மணைல உக்காருவா? இடது கை இருக்கு. மயிலை மட்டும் எடுத்துக் குடுங்கோ."

"ஒரே நிமிஷம். பின்னாடி போய் பிரிண்டர் பிளக்கைப் பிடுங்கிட்டு வரேன்."

"பிடுங்காதேங்கோ. மயில் வரணும்."

பின்னறை நடையில் வெயில் வராது. சூடான தூசி வாடை. இங்க் வாடை. அதற்கும் அடியில் தேங்காயெண்ணெய். கல்பகத்தின் தலையில் வழக்கமாக வருவது. பிரிண்டரின் மூடி மூடியிருந்தது. இடுக்கில் வெள்ளை வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. இதுவரை போனதையெல்லாம்விட மெதுவாக. மூடியைத் தூக்கினார்.

ஒன்றுமில்லை. வெறும் கண்ணாடி. கண்ணாடிமேல் ஆவி படிந்திருந்தது, குளிரில் யாரோ வாய் வைத்து ஊதினால் படிவதைப்போல. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்பக்கமிருந்து மறைந்தது. மறுபடி படிந்தது. மறைந்தது.

மூடியைப் போட்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஃபோல்டரை யார் திறந்திருக்கிறார்கள் என்று காட்டும் ஜன்னலைத் திறந்தார். 'கெஸ்ட்' என்று ஒரே பெயர். வந்து நெடுநேரம் ஆகியிருந்தது. அவர் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதே வந்திருக்கிறது. அனுமதிப் பட்டியலில் எவ்ரிஒன்னைத் தேடினார். அது அங்கே இல்லை. அவர் பெயரும் இல்லை. கெஸ்ட் மட்டும். எதிரே டிக், ஃபுல் கன்ட்ரோல். நீக்கு என்று அழுத்தினார்.

உங்களுக்கு அனுமதி இல்லை.

மறுபடி.

அனுமதி இல்லை.

பிரிண்டருக்குள் ஏதோ இடம் மாறியது. பச்சை விளக்கு. தாள் ஒன்று இழுபட்டது.

"வரது!" ஹாலிலிருந்து கல்பகம். "சத்தம் கேக்கறது! சரி பண்ணிட்டேளே!"

அவள் நடந்து வருவது கேட்டது. ஒரு கால் சாதாரணமாக. ஒரு கால் இழுத்து. வாசற்படியில் வந்து நின்றாள். பின்னால் ஹாலின் வெயில்.

தாள் வரிவரியாக வெளியே வந்தது. முதலில் கறுப்பு. நரை கலந்த கறுப்பு. நடுவில் வகிடு. வகிட்டின் நுனியில் சிவப்பு.

மயில் இல்லை.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வகிடு இருந்த இடம் வழவழவென்றிருந்தது. குங்குமம் இல்லை. முடி தொடங்கும் கோடு இல்லை. இஸ்திரி போட்ட துணிமாதிரி வெறும் தோல். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நன்னா விழறதா?"

தாளில் நெற்றி. சுருக்கங்கள். புருவம் ஒன்று. புருவம் இன்னொன்று.

பிளக்கைப் பிடுங்கினார்.

பச்சை விளக்கு அணைந்தது. உருளை நின்றது. தாள் பாதியில் தொங்கியது. வீடு முழுக்க நிசப்தம்.

வாசற்படியில் கல்பகம் அப்படியே நின்றாள். மூக்கு இருந்தது, மூக்குத்தி இருந்தது, வாய் இருந்தது. மூக்குக்கு மேலே ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் அந்த வழவழப்பின்மேல் விழுந்து மினுங்கியது.

"ஏன்னா," என்றது வாய். இடது கை சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. "கரண்ட் போயிடுத்தா? ஒரேயடியா இருட்டிண்டு வந்துடுத்தே."

அவர் குனிந்து தாளைப் பார்த்தார். தாளின் ஓரத்தில், இங்க் காயாமல், இரண்டு கண்கள். அவரைப் பார்த்தன. பிறகு மெதுவாக வாசற்படிப் பக்கம் திரும்பின. அங்கே நிற்பது யார் என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

பிளக் அவர் கையில் இருந்தது. இருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

உருளை இன்னொரு வரி நகர்ந்தது.