ஒத்திகை பார்த்த பிரிவு

பிரிந்துவிடலாம் என்பதைச் சங்கவியிடம் சொல்வதற்கு முன், செந்தூரன் அதை அவளுடைய நிழலரிடம் நாற்பது விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான்.

அழுதபடி சொல்லிப் பார்த்தான். சிரித்தபடி சொல்லிப் பார்த்தான். கோயில் பிரகாரத்தில், பேருந்து நிறுத்தத்தில், குளக்கரையில் என்று இடத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தான். கடைசியில் மிகமிகக் குறைவாக வலிக்கும் வழி அகப்பட்டது. காந்திபுரத்துத் தேநீர்க் கடை, சாயங்காலத் தூறல், மிளகாய் பஜ்ஜியில் பாதி தீர்ந்திருக்க வேண்டும். அப்போது, "நாம ரெண்டு பேரும் ஒரே படத்த ரெண்டு பேனாவுல வரஞ்சுட்டு இருக்கறோம், சங்கவி" என்று ஆரம்பிக்க வேண்டும்.

அப்படியே ஆரம்பித்தான். அப்படியே நடந்தது. சங்கவி தலையாட்டினாள். "சரி" என்றாள். மீதிப் பஜ்ஜியையும் தின்றாள். இன்னும் கொஞ்சம் சட்னிகூடக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கோயம்புத்தூர் வரலாற்றிலேயே சேதாரம் குறைந்த பிரிவு என்று அதற்கு ஒரு கேடயம் கொடுத்திருக்கலாம்.

ஆனால் அவன் செய்த சோதனை தேநீர்க் கடை வாசலோடு முடிந்துபோயிருந்தது. சங்கவி பீளமேட்டுப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு என்ன ஆகும் என்று அவன் பார்க்கவில்லை. அவள் அழுத அழுகையில், ஓட்டுநரில்லாத அந்தப் பேருந்து உள்ளே மழை பெய்கிறது என்று நினைத்து ஜன்னல்களை எல்லாம் தானே மூடிக்கொண்டது. அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

நிழலர் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. நிழல்பிடிக் கூடத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தால் போதும். நீங்கள் எப்படி நடக்கிறீர்கள், எந்தக் கையால் தண்ணீர் மொள்கிறீர்கள், எதற்குச் சிரிக்கிறீர்கள், எந்தச் சொல்லுக்கு முகம் சுளிக்கிறீர்கள் என்று கூரையில் தொங்கும் கண்கள் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். மாலையில் சுருட்டிய பாய் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அதுதான் நிழற்பாய். விரித்தால் அதன்மேல் நீங்களே ஒளியாக எழுந்து நிற்பீர்கள், பேசுவீர்கள், கோபித்துக்கொள்வீர்கள்.

முதலில் இதைக் கண்டுபிடித்தது வடிவமைப்பாளர்களுக்காகத்தான். ஒரு நாற்காலியைச் செய்து, நூறு பேரை உட்காரவைத்து, நூறு இடுப்பை ஒடிப்பதைவிட நூறு நிழலரை உட்காரவைப்பது மேல் அல்லவா? நல்ல எண்ணம்தான். ஆனால் பத்தே வருடத்தில் அது ஊருக்குள் புகுந்துவிட்டது. பக்கத்து வீட்டு நிழலரிடம் கேட்காமல் யாரும் மிக்சி போடுவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் நிழலரிடம் ஆறு மாதம் மாமியார்ச் சண்டை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்டு மாற்றினார்கள். பந்தியில் குழம்பு ஊற்றுபவர்கூட இலையில் இருப்பவரின் நிழலரைக் கேட்டுவிட்டுத்தான் கரண்டியைச் சாய்த்தார்; அதற்குள் சோறு ஆறியது. போதாக்குறைக்குச் சட்டமும் வந்தது: நிழலர் சொன்னால் ஆளே சொன்னதாகக் கணக்கு.

காதலர்கள் மோதிரம் மாற்றுவதை விட்டுவிட்டு நிழற்பாய் மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். சங்கவியும் செந்தூரனும் வடிவமைப்புக் கல்லூரியின் முதல் வருடத்திலேயே மாற்றிக்கொண்டவர்கள். அவன் பாய் அவளிடம். அவள் பாய் அவனிடம். ஊடல் வரும்போலத் தோன்றினால் இவள் விடுதி அறையில் அவனுடைய பாயை விரித்து, என்ன சொன்னால் அவன் சமாதானமாவான் என்று பார்த்துவிட்டு, அதைப் போய் அவனிடம் சொல்வாள். அவனும் அப்படித்தான். நான்கு வருடத்தில் இருவருக்கும் நடுவே ஒரு கடுஞ்சொல் விழவில்லை. வகுப்பே பொறாமைப்பட்டது.

இப்போது நான்காம் வருடம். இறுதித் திட்டத்துக்குச் சங்கவி எடுத்துக்கொண்டது தோசைத் திருப்பி. சிரிக்காதீர்கள். கல்லில் ஒட்டாமல், கிழிக்காமல், எந்தக் கைக்கும் வாகாக ஒரு தோசைத் திருப்பியைச் செய்தவன் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பது அவள் கட்சி. அதைச் செய்து காட்டினால்தான் பட்டம்.

பிரிவுக்கு மறுநாள் காலை, முகம் தக்காளியாய் வீங்கியிருக்க, அவள் பாயை விரித்தாள். செந்தூரன் எழுந்து நின்றான். முதல் வருடத்துச் செந்தூரன். அரும்பு மீசை, இடக்கையில் மைக்கறை, அவளைக் கண்டதும் காது வரை சிரிப்பு.

"என்ன சங்கவி, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது? தூங்கலையா?"

அவள் திருப்பியின் வரைவை அவன் கையில் கொடுத்தாள். பாய் எழுப்பிய ஒளித் தோசையை அவன் ஒரு திருப்புத் திருப்பினான்.

"அட்டகாசம்! கையோடயே பொறந்த மாதிரி இருக்குது."

கைப்பிடியை நீட்டினாள். அட்டகாசம் என்றான். வளைத்தாள். அதுவும் அட்டகாசம். வேண்டுமென்றே முனையைக் கூராக்கிக் கொடுத்தாள். விரலை வெட்டிக்கொண்டு, "சூப்பர், தேங்காய் உடைக்கறதுக்கும் ஆகும்" என்றான்.

நடுநடுவே அவனைத் திரும்ப அழைத்து வருவதற்கான வாக்கியங்களையும் சோதித்துப் பார்த்தாள். "திரும்பி வந்துரு" என்றாள். "வந்துட்டேன்" என்றான். "உன்னை மாதிரி மண்டுவ நான் பாத்ததில்ல" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தான். "நாசமாப் போ" என்றாள். "நீயும் வர்றதா இருந்தாப் போலாம்" என்றான். எதைச் சொன்னாலும் தேறியது. பேசிப் பேசி ஒரு வாரம் போயிற்று. உயிருள்ள செந்தூரனிடம் சொல்ல ஒரு வாக்கியம்கூட மிஞ்சவில்லை.

அறைத்தோழி ரிஸ்வானா இதையெல்லாம் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, நீ திருப்பியச் சோதிக்கிறியா, அவனக் கொஞ்சுறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"மதிப்பீட்டுல ஜெபக்கனி மேடம் இதையே கேப்பாங்க. அப்ப இந்த பதிலச் சொல்லு, பாக்குறேன்."

மதிப்பீட்டு நாளில் ஜெபக்கனி மேடம் கல்லூரியின் பொது நிழலர்களை வரிசையாக நிறுத்தினார். மெஸ் சமையல்காரர், மூன்று பிள்ளைக்காரி, கை நடுங்கும் பெரியவர், சமைக்கவே தெரியாத ஒரு வங்கி மேலாளர். எல்லாருக்கும் ஆளுக்கொரு திருப்பி.

அன்று அந்தக் கூடத்தில் நடந்ததைத் தோசைப் போர் என்றே கல்லூரியில் இன்றும் சொல்கிறார்கள். ஒளித் தோசைகள் பறந்தன. ஒன்று மின்விசிறியில் மாட்டிச் சுற்றியது. ஒன்று வெளித்தேர்வாளரின் வழுக்கையில் இறங்க, வெறும் ஒளிதான் என்று தெரிந்தும் அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். சமையல்காரர் நிழலர் திருப்பியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையாலேயே திருப்பினார்.

ஜெபக்கனி மேடம் திருப்பியைத் தன் இடக்கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஏ பிள்ள, இத்தன தடவ சோதிச்சிருக்க. ஒரு தடவகூட 'நல்லா இல்ல'ன்னு வரலியே. யார்ட்ட சோதிச்ச?"

சங்கவி திருப்பியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

"இடக்கையன். உம்மேல உசிரா இருக்கவன். அப்படித்தான? அவன்ட்ட முள்ளுப் படுக்கையக் குடுத்தாலும் பஞ்சு மெத்தைன்னுதான் சொல்லுவான். நாலு வருசம் படிச்சு இதுகூடவா தெரியல?" குரலைத் தாழ்த்தினார். "அந்த நிழலர அழிச்சிரு. முன்னப்பின்ன தெரியாதவங்கள வெச்சு மொதல்லேர்ந்து ஆரம்பி. அழிக்காம இங்க வந்து நிக்காத, ஒனக்குப் பட்டம் கெடையாது."

அறைக்கு வந்து பாயை விரித்தாள். காது வரை சிரிப்போடு அவன் எழுந்து நின்றான். அழிப்பதற்கு முன் ஒன்று கேட்கலாம் என்று தோன்றியது. எத்தனையோ விதமாக எத்தனையோ கேட்டவள், இதை மட்டும் கேட்டதில்லை.

"செந்தூரா, எங்கிட்ட உனக்குப் பிடிக்காதது என்ன?"

"ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாத."

அவன் மைக்கறை படிந்த விரலால் காதைச் சொறிந்தான். "நீ எப்பவும் சரியாவே பேசற. எனக்கு என்ன பிடிக்குமோ அதையே சொல்ற. ஒரு தடவ எம்மேல எரிஞ்சு விழுந்தின்னா நல்லா இருக்கும். அப்பத்தான் எதுத்தாப்புல ஆள் இருக்குதுன்னு தெரியும். இந்த ஒரு வாரமாத்தான் மண்டுங்கற, நாசமாப் போங்கற. எவ்வளவு நல்லா இருக்குது தெரியுமா?"

சங்கவிக்குச் சுருக்கென்றது. வழி கிடைத்துவிட்டது! பாயைச் சுருட்டக்கூட இல்லை. செருப்பை ஒரு காலில் மட்டும் மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி செந்தூரன் தங்கியிருந்த சாய்பாபா காலனிக்கு ஓடினாள். பேருந்தைவிட இவள் முன்னால் போனாள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வழியில் ஒரு வாக்கியம்கூட யோசிக்கவில்லை. யோசித்துவிடக் கூடாதே என்று வாய்க்கு வந்த பழைய பாட்டை உரக்கப் பாடிக்கொண்டே ஓடினாள்.

செந்தூரனின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். எதிரே விரித்த பாயில், இரட்டைச் சடையும் கன்னத்தில் பென்சில் கறையுமாக ஒருத்தி நின்று அவனுக்கு என்னவோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வருடத்துச் சங்கவி.

வாசலில் நின்ற சங்கவி வாயைத் திறந்தாள். நான்கு வருடமாகச் சொல்லாதவை எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தன.

"அறிவிருக்காடா உனக்கு? பஜ்ஜி திங்கறப்பவா சொல்லுவ? எனக்கு இன்னும் அந்தச் சட்னி வாசம் வந்தாக் குமட்டுது! உன் பிறந்த நாளுக்கு நான் செஞ்ச விளக்க ஒரு தடவையாவது ஏத்துனியா? உங்கம்மா வெக்கற ரசம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது! நாலு வருசமா நல்லா இருக்குன்னு பொய் சொன்னேன்! ஏன்டா விட்டுட்டுப் போன? ஏன்டா?"

தெருவில் போன நாய் ஒன்று நின்று கேட்டது. மாடியில் துணி காயவைத்தவர் கையில் கிளிப்போடு உறைந்துபோனார். செந்தூரன் எழுந்து நின்றான். அவன் முகத்தில் என்னவோ ஓடியது. வியப்பா, சிரிப்பா, பழைய காலத்தின் சாயலா, அவளால் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு கணம், இதோ வந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

"சித்த இரு, சங்கவி" என்றான்.

திரும்பி, பாயில் நின்றவளிடம் போனான். தாழ்ந்த குரலில் கேட்டான். "நாம மறுபடி சேந்தா, நீ இப்படியெல்லாம் கத்துவியா?"

பாயில் நின்றவள் கண்ணை அகல விரித்தாள். "நானா? உங்கிட்டயா? ச்சே, நான் எதுக்குக் கத்தப்போறேன்?"

அவன் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினான்.

"நீ இன்னிக்கு நீயாவே இல்ல, சங்கவி. விடுதிக்குப் போய்ப் படுத்துத் தூங்கு."

"நான் நானா இல்லையா? அவளா நான்?"

"அவகிட்ட பேசறப்ப எனக்கு நிம்மதியா இருக்குது. பிரியறத எப்படிச் சொல்றதுன்னு அவகிட்டத்தான் நாள் கணக்காப் பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பொறுமையாக் கேட்டா தெரியுமா? அப்பறம்…" அவன் காதைச் சொறிந்தான். "அப்பறம் அவகிட்டயிருந்து பிரிய எனக்கு மனசு வரல."

சங்கவி வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். "என் பாயக் குடு. அது நான் குடுத்தது. எனக்கு வேணும்."

"குடுக்கலாம்னுதான் கேட்டேன். நீ வேண்டாம்னுட்ட."

"நான் எப்படா சொன்னேன்?"

அவன் சங்கடத்தோடு பாயின் பக்கம் கையைக் காட்டினான். இரட்டைச் சடைக்காரி புன்னகைத்துத் தலையாட்டினாள். சட்டப்படி அவள் சொன்னால் இவள் சொன்ன மாதிரி. சங்கவி தன் கையைத் தூக்கி, அது தன்னுடையதுதானா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

விடுதிக்கு நடந்தேதான் வந்தாள். விரித்த பாயில் செந்தூரன் அப்படியே நின்றிருந்தான். அவள் அவன் முன்னால் உட்கார்ந்து, அங்கே கத்தியதை ஒன்றுவிடாமல் மறுபடி சொன்னாள். விளக்கு, சட்னி, ரசம், எல்லாம். கத்துவதற்குத் தெம்பில்லாததால் மெதுவாகச் சொன்னாள். அவன் வாய் பிளந்து கேட்டான்.

"எங்கம்மா ரசத்தையா? அடிப்பாவி!" என்று கைதட்டிச் சிரித்தான். "இத்தன நாள் எங்க ஒளிஞ்சிருந்த நீ? இன்னும் திட்டு. விடிய விடியத் திட்டு, கேக்கறேன்."

உயிருள்ளவனுக்கு நிழல் பிடித்துப்போயிற்று. உயிருள்ளவளையோ நிழலுக்குத்தான் பிடித்தது. நால்வரில் மூன்று பேர் சுகமாக இருந்தார்கள். இந்தப் பாயை இவள் விரித்தே வைத்திருந்தால் நால்வருமே சுகமாக இருக்கலாம். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள். யார் வீட்டிலும் சண்டைச் சத்தம் கேட்காததற்குக் காரணம் அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டது.

"செந்தூரா, உன்னை அழிக்கப் போறேன்."

அவன் சிரிப்பு சற்றே குறைந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நெசமாவா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அவன் அழுதிருந்தால், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் பட்டத்தைத் தூக்கிப் போட்டிருப்பாள். அவன் சொல்லமாட்டான். அப்படிச் சொல்லக்கூடியவன் சாய்பாபா காலனியில் இருந்தான். பிரிய வேண்டாம் என்பதை அவன் வேறொருத்திக்காகச் சொல்லிவிட்டான்.

பாயின் ஓரத்தை விரலால் அழுத்தினாள். எழுத்துகள் மின்னி வந்தன.

'அழித்தபின் உங்கள் மனம் எப்படி இருக்கும் என்பதை, உங்கள் நிழலரிடம் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க விரும்புகிறீர்களா?'

வேண்டாம் என்பதை அழுத்தினாள். பிறகு அவனைப் பார்க்காமல் 'அழி' என்பதை அழுத்தினாள்.

ரிஸ்வானா வந்தபோது சங்கவி வெற்றுப் பாயில், நடுவே அவன் நின்ற இடத்தில் கால் வைத்துவிடாமல், ஓரமாகச் சுருண்டு கிடந்தாள். ரிஸ்வானா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதாடி?"

"தெரியல" என்றாள் சங்கவி. "இப்பத்தான் ஆரம்பிக்குது."