ஊறல் தொட்டி

எழுத யாருமே முயலாதபோது, 'எழுத அனுமதி இல்லை' என்று திரையில் ஒரு வரி விழுந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். பாபநாசத்து வீட்டு மாடியறையில் தனியாக இருந்த சுடர்விழி முதலில் தன் நிரலைத்தான் சந்தேகப்பட்டாள். கணினிக்குள் ஓடும் கணினியை வெர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அதன் வட்டு முழுவதும் ஒரே கோப்பாகக் கிடக்கும். மெஷினை இயக்காமலே அந்த வட்டைத் திறந்து படிக்க லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பு ஒன்றை அவளே எழுதியிருந்தாள். அது படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. அந்தப் பூட்டும் அவள் போட்டதுதான்.

வட்டு குணசேகரனின் அரிசி ஆலையுடையது. ஆலையில் வேலை பார்த்த அம்சத்தைத் தீபாவளிக்கு முன்பிருந்தே காணவில்லை. "திருப்பூருக்கு ஓடிட்டா" என்றார் குணசேகரன். அவள் புருஷன் இளையபெருமாள் நம்பாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தான். கணக்கும் கேமரா பதிவும் இருந்த மெஷின் கெட்டுவிட்டதென்று மோதிரக் கையால் வட்டை நீட்டிய குணசேகரன், "கணக்க மட்டும் எடுத்துக் குடும்மா. கேமரா வீடியோல்லாம் குப்ப, அழிச்சிரு" என்றிருந்தார்.

சுடர்விழியின் அம்மா அதே ஆலைக் களத்தில் நெல் துழாவியவள். மகள் முதலில் திறந்தது வீடியோவைத்தான்.

நெல் ஊறப்போடும் தொட்டி, அதன்மேல் படர்ந்த ஆவி, முதுகைக் காட்டிக் குனிந்திருந்த அம்சம், பின்னாலிருந்து மோதிரம் போட்ட ஒரு கை வந்து அவள் பிடரியை அழுத்தியது, தண்ணீர் வெகுநேரம் கலங்கி அப்புறம் அடங்கியது. பதிவு அங்கே நின்றுபோனது.

எழுத அனுமதி இல்லை.

மறுபடி. மறுபடி. வட்டுக்கு உள்ளேயிருந்துதான் ஏதோ எழுதப் பார்த்தது. ஊறிப் புளித்த நெல்லின் வாடை அறையில் ஏறியது. நாற்காலிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது. அவள் திரும்பவில்லை. பதிவின் நகலை ஸ்டேஷனுக்கு அனுப்பினாள்.

போன் அடித்தது.

"அழிச்சிட்டியாம்மா?" குணசேகரன்.

"இல்லைங்க. பாத்துட்டேன். நகல் ஸ்டேஷனுக்குப் போயிடுச்சு."

"தனியா இருக்கிற பொம்பளப்புள்ள நீ. தொட்டி இன்னும் அங்கதான் இருக்கு."

பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. திரையில் வரிகள் மழையாய் விழுந்துகொண்டிருந்தன. நிரலைத் திறந்தாள். எழுத விடாத பூட்டு வரியை அழித்தாள்.

"வாங்கக்கா," என்றாள். "எழுதிக்குங்க."

வரிகள் நின்றன. பின்னால் சொட்டுவதும் நின்றது.

நின்றுபோயிருந்த பதிவு நகர்ந்தது. தொட்டி இல்லை. ஒரு வீட்டுக் கூடம், உத்தரத்திலிருந்து பார்ப்பதுபோல. கேமரா எதுவும் இல்லாத வீடு. சோபாவில் குணசேகரன், காதில் போன்.

"யாருகிட்டடி பேசுற?" போனிலும் திரையிலும் ஒரே குரல்.

சோபாவுக்குப் பின்னால் அம்சம் நின்றாள். ஊதிய முகம். கூந்தலிலிருந்து நெல்மணிகள் அவர் தோளில் உதிர்ந்தன. ஒன்று. இன்னொன்று. தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

சுடர்விழி போனை வைக்கவில்லை.

"திரும்பிப் பாருங்க," என்றாள்.

ஊறி வெளுத்த இரண்டு கைகள், மெதுவாக, அவர் பிடரியில் இறங்கின.