மாரப்பனின் செருப்பு

"கற்றுக்கொடுக்க இங்கே எதுவும் இல்லை" என்று தாய்க்கூடு மறுபடியும் சொன்னது.

குரல் என்னவோ இனிமையானதுதான். ஆனால் கொட்டகையின் மூலையில் குஞ்சுகள் இறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்போது இனிமையான குரலைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. தவமணி அந்தப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இத நம்பித்தானுங்க இந்த பேட்ச் எறக்குனோம். போன பேட்ச் பாதிக்குமேல கழிச்சல் நோவுல போச்சு. இதுவும் போச்சுன்னா பண்ணையப் பூட்டிட்டு நாங்க வேற பொழப்புப் பாக்கோணும்."

கோவையிலிருந்து வந்திருந்த எழினி பெட்டியின் முன் மண்டியிட்டாள். அதை வடிவமைத்ததே அவள்தான். மணிக்கட்டில் வீட்டுச் செய்தி மினுங்கியது. மகளுக்கு மறுபடி வயிறு சரியில்லையாம். இந்த மாதத்தில் எத்தனையாவது முறை என்று எண்ணுவதைக்கூட அவள் விட்டுவிட்டாள்.

கோழித் தீவனத்தில் கலந்த மருந்துகளெல்லாம் கிருமிகளிடம் தோற்றுப்போன காலம் அது. இனிக் கோழியே இல்லை என்று கைவிரித்தவர்களுக்கு நடுவே வந்ததுதான் தாய்க்கூடு. அதன் யோசனை எளியது. தாய்க்கோழியின் சிறகடியில் பிறந்த குஞ்சு முதல் நாளே தாயின் எச்சத்தையும் மண்ணையும் கொத்திவிடும். உடனே அதன் குடலில் பிறவியிலேயே இருக்கும் நோயெதிர்ப்புக் காவலர்கள் விழித்துக்கொள்வார்கள். அந்தக் காவலர்களுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், எழுப்பிவிட்டால் போதும், சில மணி நேரத்தில் வேலைக்கு வந்துவிடுவார்கள். தாயில்லாமல் பொரிப்பகத்தின் இயந்திரச் சூட்டில் பொரித்த குஞ்சுக்குத்தான் எழுப்ப ஆளில்லை. தாய்க்கூடு, மண்ணிலிருந்து கிருமிகளை எடுக்கும் தன் மண்நாக்கை நீட்டிப் பண்ணையை நக்கும். கிடைத்த கிருமிகளைச் சூட்டில் கொன்று, அவற்றின் மிச்சத்தைப் பனித்துளியாகக் குஞ்சுகளின் அலகில் தெளிக்கும். எங்கும் வெற்றி பெற்ற இயந்திரம் இங்கே மட்டும் அடம் பிடித்தது.

எழினி தரையைத் தடவிப் பார்த்தாள். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. பினாயில் நெடி மூக்கில் ஏறியது.

"அக்கா, கொட்டகையக் கழுவுனீங்களா?"

"பின்னே? ஆராய்ச்சி நிலையத்துல இருந்து பெட்டி வருது, பின்னாடியே ஆளு வருதுன்னா அப்படியேவா போட்டு வெப்பாங்க? செவுத்தக் கழுவி, தரைக்குத் தீ காட்டி, சுண்ணாம்பு அடிச்சு, கொட்டகை வாசல் மண்ணக்கூடச் சொரண்டி லாரில ஏத்தி உட்டமுங்க. அந்த நாக்கையும் பினாயில்ல நல்லா அலசித்தான் மாட்டுனேன்." தவமணியின் முகத்தில் பெருமை வழிந்தது.

எழினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கழிச்சல் ஈயின் காலில் ஏறி எப்படியும் வந்துவிடும். அது வந்தபோது காவலர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்ப வேண்டிய மண்ணை, விருந்தாளிக்கு மரியாதை என்று லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது.

"பண்ணையில கழுவாத பொருள் ஏதாவது ஒண்ணு இருக்குமா அக்கா? இந்த மண்ணு ஒட்டுன பொருளா வேணும்."

"அப்படியொண்ண உட்டு வெப்பாளா இவ?" என்றான் தவமணியின் கணவன் மாரப்பன்.

தவமணி வெட்கப்பட்டாள். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் ஒரு பொருளைத் தூக்கி வந்தாள். மாரப்பன் கொட்டகைக்குப் போட்டுப் போகும் செருப்பு. அடியில் எச்சமும் உமியும் மண்ணும் அடை போல அப்பியிருந்தன.

"உங்க கண்ணுல பட்டுறக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சனுங்க அம்மிணி."

எழினி நாக்கைக் கழற்றி வெந்நீரில் அலசி மாட்டினாள். தாய்க்கூடு செருப்பை நக்கியது.

"கற்றுக்கொடுக்க நிறைய இருக்கிறது" என்றது.

பனி இறங்கியது. மூலையில் நின்றவற்றில் சில பிழைக்கவில்லை. மற்ற குஞ்சுகளெல்லாம் மறுநாள் காலையில் தீவனத் தட்டை மொய்த்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்தன. அந்தக் கூச்சலைக் கேட்டுத் தவமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாரப்பன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எத்தன வருசமா இதத் தூக்கிப் போடச் சொன்னா தெரியுங்களா?"

எழினி பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அணைக்க மறந்த மண்நாக்கு, கழுவித் துடைத்திருந்த அவள் உள்ளங்கையை நக்கிவிட்டது.

"கற்றுக்கொடுக்க இங்கே எதுவும் இல்லை."

தவமணி விழுந்து விழுந்து சிரித்தாள். எழினி சிரிக்கவில்லை. வடிகட்டிய காற்று, கிருமி சாகக் கதிர் பாய்ச்சிய சோறு, தானே துடைத்துக்கொள்ளும் தரை என்று அவள் வீடு கண்முன் வந்தது. நடக்கத் தொடங்கிவிட்ட மகளின் பாதத்தில் இன்றுவரை மண் பட்டதில்லை. ஊர்க் குஞ்சுகளுக்கெல்லாம் தாயைச் செய்து கொடுத்தவள், சொந்த வீட்டில் ஒரு பொரிப்பகத்தை நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியும் இருந்தது. மகளின் நோய்க்கு இப்போதுதான் முதன்முதலாக ஒரு வழி தெரிந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழம என் பொண்ணக் கூட்டிட்டு வரட்டுங்களா? உங்க வாசல்ல கொஞ்ச நேரம் வெளையாடட்டும்."

"இதையெல்லாம் கேக்கோணுமா அம்மிணி? கட்டாயம் வாங்க!"

எழினியின் வண்டி வாசலைத் தாண்டியதோ இல்லையோ, தவமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தேடினாள்.

"ஏனுங்க, கொழந்த வருது. வாசலக் கழுவி உட வேண்டாமா?"

மாரப்பன் பினாயில் கேனை எடுத்துப் போய், தன் செருப்பு ஒளிந்திருந்த அதே தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.